பின் ஷாக் அப்சார்பரைப் பிரித்துச் சீரமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பைக் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே பதிலை ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன். நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் ஓடும், பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர் கொண்ட சாதாரண பைக்குகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறேன். காஸ் நிரப்பிய வகைக்கும் ஒற்றை ஷாக்குக்கும் பொருந்தாத இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பிரிங்தானே வண்டியைத் தாங்குகிறது? உள்ளே ஆயில் எதற்கு?

எடையைத் தாங்குவது ஸ்பிரிங் மட்டும்தான். ஆனால் ஸ்பிரிங் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பள்ளத்தில் இறங்கி அமுங்கிய ஸ்பிரிங் அதே வேகத்தில் உங்களை மேலே தூக்கும், மறுபடி இறக்கும், மறுபடி தூக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஆயில். ஷாக்கின் குழாய்க்குள் ஓடும் எஃகுக் கம்பிதான் ராடு. அதன் முனையில் உள்ள பிஸ்டனில் சிறு துளைகள் இருக்கின்றன. ராடு மேலும் கீழும் போகும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கிச் செல்ல வேண்டும். அப்போது எழும் எதிர்ப்பு ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது.

இதை உங்கள் கையாலேயே உணரலாம். மோசமான சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து இரண்டு ஷாக்கின் அடிக்குழாயையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்திருக்கும் பக்கம் சும்மா கூடவே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஷாக் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆயில் ஒழுகினால்தானா?

ஒழுகாமலும் கெட்டுப்போகும். வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து எடுத்து நேராகப் பிடித்துக்கொண்டு, பின் இருக்கையை உடம்பின் எடையால் அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒரே முறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை துள்ளினால் உள்ளே ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது அதன் தன்மை கெட்டிருக்கிறது. வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் இன்னொரு முறை குதிப்பது, வளைவில் வண்டி அலைவது, சிறு பள்ளத்திலும் 'டொக்' என்று அடி விழுவது ஆகியவையும் அடையாளங்கள்தாம்.

ராடைச் சுற்றிச் சன்னமான எண்ணெய் ஈரம் படிந்திருப்பது இயல்பு. ராடு நழுவி ஓட அந்த ஈரம் வேண்டும். தூசி சேறுபோல ஒட்டிக்கொண்டிருந்தாலோ, குழாயில் ஆயில் கோடாக வழிந்திருந்தாலோ அது ஒழுக்கு. வழியும் ஆயில் பின் டயரிலோ டிஸ்க்கிலோ படும் அபாயம் உண்டு. அதனால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

பின்பக்கம் இடவலமாக ஆடுகிறது. ஷாக்கை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகாது. ஷாக்கின் வேலை மேலும் கீழும்தான். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மும் சேர்ந்து அசைந்தால் அதன் புஷ் (அச்சைச் சுற்றியுள்ள வளையம்) தேய்ந்திருக்கிறது. சக்கரம் மட்டும் அசைந்தால் வீல் பேரிங். ஷாக்கின் இரு முனைகளிலும் போல்ட் நுழையும் கண்களில் உள்ள ரப்பர் புஷ் நைந்தாலும் 'டக் டக்' என்ற சத்தம் வரும். அதை மாற்ற ஷாக்கைப் பிரிக்கவே தேவையில்லை. இந்த மூன்றையும் பார்த்துவிட்ட பிறகே ஷாக்கின் மேல் கை வையுங்கள்.

எங்கள் ஊர் மெக்கானிக் 'இது பிரிக்க முடியாத வகை' என்கிறார். உண்மையா?

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஷாக்கின் வாயை மூடுவதற்கு இரண்டு முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் மரையிட்ட மூடியோ, காடியில் உட்காரும் கம்பி வளையமான சர்க்லிப்போ இருக்கும். இது பிரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. சரியான ஸ்பேனர் இருந்தால் திறந்துவிடலாம். மற்றொன்றில் குழாயின் விளிம்பையே உள்நோக்கி மடக்கி அழுத்தி மூடியிருப்பார்கள். இன்றைய 100 சி.சி., 125 சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் இந்த வகைதான். தொழிற்சாலையைப் பொறுத்தவரை இதற்குப் பழுதுபார்ப்பே கிடையாது, மாற்றுவதுதான்.

இருந்தாலும் நம் ஊரில் மடக்கிய விளிம்பை லேத்தில் மெல்லச் சீவி எடுத்து, உள்ளே மரை வெட்டி, புதிய மூடி கடைந்து போடும் டர்னர்கள் இருக்கிறார்கள். நன்றாகச் செய்தால் அது நிலைக்கும். குழாயின் சுவர் மெல்லியது என்பதால் மரையின் ஆழத்தைக் கணக்கிட்டு வெட்டத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ராடு வெளிவரும் வாயை டார்ச் அடித்துப் பார்த்தால், உங்களுடையது எந்த வகை என்று உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? புதிதாகவே வாங்கிவிடலாமே?

இப்போது விற்பனையில் உள்ள வண்டி என்றால், விளிம்பு மடக்கிய வகை என்றால், வாங்கிவிடுங்கள். அதுதான் சரி. கம்பெனி ஷாக் எளிதாகக் கிடைக்கும்போது லேத் கூலி, ஆயில், ராடைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீல், இரண்டு நாள் உழைப்பு எல்லாம் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

சீரமைப்பது பொருளுள்ளதாக ஆவது வேறு இடங்களில். யமஹா ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1996-இலேயே நின்றுவிட்டது. அதற்கென்று இப்போது சந்தையில் கிடைப்பவற்றில் பல, நீளம் மட்டும் பொருந்தி, உள்ளே அடக்கும் தன்மை இல்லாதவை. வண்டியோடு பிறந்த ஷாக் கையில் இருந்தால் அதை உயிர்ப்பிப்பதே மேல். பழைய புல்லட், ஜாவா, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒற்றை ஷாக் வண்டிகளில் புதியதின் விலை அதிகம் என்பதால் அங்கேயும் சீரமைப்பு கட்டுப்படியாகும்.

ஒரு பக்கம்தான் ஒழுகுகிறது. அதை மட்டும் பிரித்தால் போதுமா?

போதாது. புதிய ஆயில் போட்ட பக்கம் ஆட்டத்தை இறுக்கிப் பிடிக்கும், மறுபக்கம் தளர்ந்து விடும். ஸ்விங் ஆர்ம் முறுக்கப்பட்டு வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாக இழுப்பது போல உணர்வீர்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே புட்டி ஆயிலால், ஒரே அளவில் நிரப்புங்கள்.

ஸ்பிரிங்கை வீட்டிலேயே கழற்றலாமா?

கருவி இருந்தால் கழற்றலாம். கருவி இல்லாமல் முயன்று பல் உடைந்தவரை எனக்குத் தெரியும். கணக்கைப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ விசை கேட்கும் ஸ்பிரிங், ஷாக்கில் உட்காரும்போதே 20 மில்லிமீட்டர் அமுங்கி இருந்தால், 40 கிலோ விசை எந்நேரமும் வெளியே பாயக் காத்திருக்கிறது. ஒற்றை ஷாக்கின் தடித்த ஸ்பிரிங்கில் இது 100 கிலோவைத் தாண்டிவிடும்.

இரண்டு எதிர்ப் பக்கங்களிலும் கொக்கி போட்டுச் சமமாக இறுக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கிடைக்கிறது. முதலில் அழுத்தம் சரிசெய்யும் வளையத்தை மிகத் தளர்ந்த படிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஷாக்கின் முனைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில ஸ்பிரிங்குகளில் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். அந்த முனை முன்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம்தான் திரும்பவும் போக வேண்டும்.

ராடில் சின்னக் கீறல்தான் இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புது சீல் போட்டால் போதாதா?

நான் எவ்வளவு சொன்னாலும் மக்கள் கேட்காமல் போவது இந்த ஒன்றைத்தான். ஷாக்கைச் சீரமைக்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ராடு. ஆயில் சீல் விலை குறைந்த பொருள், ஆயிலும் அப்படியே. ராடு கெட்டிருந்தால் இரண்டும் வீண்.

ராடின் மேல் இருப்பது கடின குரோமியப் பூச்சு. அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். பைக்கைக் கழுவிவிட்டு ஈரத்தோடு நிறுத்துவது, கடற்கரை ஊரின் உப்புக்காற்று, தெறிக்கும் சிறு கல் ஆகிய ஏதாவது ஒன்று அந்தப் பூச்சைத் துளைத்துவிட்டால், உள்ளிருக்கும் எஃகில் துரு பிடித்துப் புள்ளியாகக் கிளம்பும். கடுகில் பாதி அளவுள்ள ஒரு புள்ளி போதும். சீலின் உதடு ரப்பர். ஒரு கிலோமீட்டர் குண்டும் குழியுமான சாலையில் அந்தப் புள்ளி நூற்றுக்கணக்கான முறை அந்த உதட்டின் மேல் ஏறி இறங்கும். அரம் வைத்து அறுப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

சோதிக்கும் முறை எளிது. ராடை மண்ணெண்ணெயில் துடைத்து உலர்த்துங்கள். கட்டைவிரல் நகத்தைச் செங்குத்தாக வைத்து ராடின் நீளத்துக்கு மெல்ல இழுங்கள். சிறிது திருப்பி மறுபடி இழுங்கள். கண்ணுக்குக் கோடு தெரிந்தும் நகம் தடுக்காவிட்டால், 1500 அல்லது 2000 எண் நீர் உப்புத்தாளால் சுற்றுவாக்கில் மிக லேசாகத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். நீளவாக்கில் தேய்க்காதீர்கள். நீளவாக்குக் கோடுகள் ஆயில் வெளியேறும் வாய்க்கால்களாகிவிடும். நகம் ஓரிடத்தில் 'டிக்' என்று நின்றால், அந்த இடம் சீல் ஓடும் பகுதியா என்று பாருங்கள். வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும் சீலைத் தொடாத மேல் நுனியில் இருந்தால் பயமில்லை. சீல் ஓடும் பகுதி என்றால் உப்புத்தாளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போய் எஃகு வெளியே வரும், துரு இன்னும் விரைவாக வரும்.

அப்போது இரண்டு வழிகள்தாம். பழைய பூச்சை நீக்கி, கிரைண்டிங் செய்து, மீண்டும் கடின குரோமியம் ஏற்றி, பழைய விட்டத்துக்கே கிரைண்டிங் செய்து வாங்குவது ஒன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் கோவையிலும் இந்த வேலை செய்பவர்கள் உண்டு. அழகுக்குப் போடும் பளபளப்புக் குரோமியம் இதற்கு உதவாது, அவர்களிடம் 'ஹார்டு குரோம்' என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது வழி, அதே மாதிரி இன்னொரு ஷாக்கிலிருந்து நல்ல ராடை எடுத்துப் போடுவது. தட்டையான கண்ணாடியின் மேல் ராடை உருட்டி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வளைந்த ராடை நிமிர்த்த முயலாதீர்கள்.

ஆயில் சீல் எங்கே கிடைக்கும்? கம்பெனியில் தனியாகத் தருவதில்லையே?

ஷாக்கின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது, அளவைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற மூன்று எண்களும் பெரும்பாலும் பழைய சீலின் முகத்திலேயே அச்சாகியிருக்கும். அழிந்திருந்தால் ராடின் விட்டத்தையும் சீல் உட்காரும் குழியின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு போல, ஆயில் சீல்களையே அடுக்கி வைத்து விற்கும் கடைகள் எல்லாப் பெரிய ஊரிலும் இருக்கின்றன. பழைய சீலையும் கையோடு கொண்டு போங்கள். சுழலும் அச்சுக்கான சீலும் முன்பின் ஓடும் ராடுக்கான சீலும் ஒரே அளவில் இருந்தாலும் உதடு வேறு மாதிரி இருக்கும். ஷாக்குக்கு என்று சொல்லியே கேளுங்கள்.

போடும்போது, சீலின் உள்ளே மெல்லிய சுருள்கம்பி தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். ராடின் மரை முனையில் மெல்லிய டேப்பைச் சுற்றி, அதன் மேல் ஆயில் தடவி, பிறகு சீலை நுழையுங்கள். புதிய சீல் முதல் நாளே ஒழுகுவதற்கு முக்கியக் காரணம் அந்த மரையின் கூர்மையான விளிம்பு உதட்டைக் கீறிவிடுவதுதான்.

எந்த ஆயில் போடுவது? என்ஜின் ஆயில் போட்டால் என்ன ஆகும்?

முன் ஃபோர்க்குக்கு விற்கும் ஃபோர்க் ஆயிலோ, ஷாக்குக்கென்று விற்கும் ஆயிலோ போடுங்கள். இவற்றில் நுரை எழாமல் தடுக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது. நுரைத்த ஆயில் என்றால் அதில் காற்றுக் குமிழ்கள் இருக்கின்றன. குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. ஓட்டத் தொடங்கும்போது நன்றாக இருந்து, பத்துக் கிலோமீட்டரில் தளர்ந்துபோகும் ஷாக்கில் நடப்பது இதுதான்.

20 டபிள்யூ 40 என்ஜின் ஆயில், ஷாக்குக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு கெட்டி. அந்தச் சிறு துளைகள் வழியாக அது வேண்டிய வேகத்தில் போகாது. அமுங்கிய ஷாக் நிமிர்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். இப்படி நான்கைந்து பள்ளங்களில் ஷாக் சிறிது சிறிதாகக் கீழேயே தங்கி, கடைசியில் அமுங்க இடமில்லாமல் போய் அடி நேராக முதுகெலும்புக்கு வரும். வண்டியின் சேவைக் கையேட்டில் ஆயில் குறிப்பு இருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால் 5 டபிள்யூ ஃபோர்க் ஆயிலில் தொடங்குங்கள். ஒரு கம்பெனியின் 5 டபிள்யூவும் இன்னொரு கம்பெனியின் 5 டபிள்யூவும் ஒரே நீர்மையில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 40 டிகிரி வெப்பத்தில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவு) என்று அவர்களின் தகவல் தாளில் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

எவ்வளவு ஆயில்? வாய் வரை நிரப்பிவிட்டால் நல்லதுதானே?

வாய் வரை நிரப்பினால் ஷாக் முதல் பள்ளத்திலேயே பூட்டிக்கொள்ளும். ராடு உள்ளே போகும்போது அதற்கு இடம் வேண்டும். ராடின் விட்டம் 10 மில்லிமீட்டர், ஓட்டம் 80 மில்லிமீட்டர் என்றால், உள்ளே நுழையும் ராடின் கொள்ளளவு 6 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம். விட்டம் 12 என்றால் 9 மில்லிலிட்டர். அந்த அளவு காற்றிடம் உள்ளே இல்லையென்றால், அமுங்காத ஆயில் சீலைப் பிய்த்துக்கொண்டு வரும் அல்லது குழாயின் அடியில் உள்ள வால்வை உடைக்கும்.

நம் சாதாரண ஷாக்குகள் பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டன் ஓடும். உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையிலான வெளியில் பாதிக்கு மேல் ஆயிலும் மீதி காற்றும் இருக்கும். வெளியே வந்த பழைய ஆயிலை அளந்து அதே அளவு போடுவது தவறு, ஏனென்றால் பாதி ஏற்கெனவே ஒழுகிப் போயிருக்கும். கையேடு இல்லாதபோது நான் செய்வது இது: ராடை முழுக்க இழுத்த நிலையில் இரு குழாய்களும் நிரம்ப எவ்வளவு பிடிக்கிறது என்று முதலில் அளந்துகொள்வேன். மேலே சொன்னபடி ராடின் கொள்ளளவைக் கணக்கிட்டு, அதைப் போல இரண்டு மடங்கைக் கழித்துவிட்டு மீதியை ஊற்றுவேன். 10 மில்லிமீட்டர் ராடு என்றால் கழிப்பது 12 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். அளக்க மருந்துக்கடை ஊசிக்குழல் போதும். ஸ்பிரிங் போடும் முன் ராடைக் கையால் மெல்ல முழுவதும் அமுக்கிப் பாருங்கள். கடைசி இரண்டு விரற்கடையில் கல் போல நின்றால் ஆயில் அதிகம்.

பிஸ்டனைக் கழற்றியபோது மெல்லிய தகடுகள் கொட்டிவிட்டன. எந்த வரிசையில் போடுவது?

கொட்டிய பிறகு சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. துளைகளை மூடித் திறக்கும் வால்வு அந்தத் தகடுகள்தாம். அவற்றின் விட்டமும் தடிமனும் அடுக்கும் வரிசையும் சேர்ந்துதான் ஷாக்கின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஒன்று முழுதாக இருந்தால் அதைப் பார்த்து மற்றதைச் சேர்க்கலாம். பிரிக்கும்போது ஒவ்வொரு தகடாக எடுத்து, அதே வரிசையில், அதே முகம் மேலே இருக்கும்படி ஒரு கம்பியில் கோத்துவிடுங்கள். சீல் மட்டும் மாற்றுவதாக இருந்து, சீலை ராடின் மேல்முனை வழியாகவே எடுக்க முடிந்தால், பிஸ்டன் பக்கம் போகவே வேண்டாம்.

எல்லாம் சேர்த்துவிட்டேன். ராடை அமுக்கினால் பாதித் தூரம் எதிர்ப்பே இல்லாமல் 'சளக்' என்று போகிறது. என்ன தவறு?

தவறு ஒன்றும் இல்லை, உள்குழாயில் காற்று மாட்டியிருக்கிறது. அடிக்கண்ணை வைஸில் பிடித்து ஷாக்கை நேராக நிறுத்துங்கள். குழாயை வைஸில் பிடிக்காதீர்கள், நசுங்கிவிடும். ராடை மெதுவாக முழுதும் மேலே இழுத்து, மெதுவாக முழுதும் அமுக்குங்கள். பத்துப் பதினைந்து முறையில் அந்தச் 'சளக்' குறைந்து மறையும். மறைந்த பிறகு ஷாக்கைப் படுக்க வைக்காதீர்கள். படுத்தால் இடைவெளியில் உள்ள காற்று மறுபடி உள்குழாய்க்குள் போய்விடும். புதிய ஷாக்கைக்கூட வண்டியில் மாட்டும் முன் இப்படி இயக்கிப் பார்ப்பது நல்லது, கடையில் அது படுத்தே கிடந்திருக்கும்.

நல்ல ஷாக் கையில் எப்படி இருக்கும் என்றால், அமுக்க எளிதாகவும் இழுக்கக் கடினமாகவும் இருக்கும். அமுங்கும்போது ஸ்பிரிங்கே எதிர்ப்பதால் ஆயிலுக்கு வேலை குறைவு. நிமிரும்போது ஸ்பிரிங்கின் உதையை அடக்க வேண்டியது ஆயில் ஒன்றுதான். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் தகடுகளின் வரிசையைச் சந்தேகிக்க வேண்டும்.

என் வண்டியில் காஸ் ஷாக். அதையும் இப்படிப் பிரிக்கலாமா? டயருக்கு நைட்ரஜன் அடிக்கும் கடையில் நிரப்பிக்கொள்ளலாமா?

வீட்டில் பிரிக்கவே கூடாது. ஒற்றைக் குழாய் காஸ் ஷாக்கில், ஆயிலையும் நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைத்திருக்கும். 1950-களில் பிரெஞ்சுப் பொறியாளர் த கார்போன் நிலைநிறுத்திய அமைப்பு இது. ஆயில் எந்நேரமும் அழுத்தத்தில் இருப்பதால் குமிழ் கிளம்புவது தடுக்கப்படுகிறது. பைக் ஷாக்குகளில் இந்த அழுத்தம் 150, 200 பி.எஸ்.ஐ. வரை இருப்பது வழக்கம். அதைத் தெரியாமல் திறந்தால் மூடி துப்பாக்கிக் குண்டு போல வெளியே வரும். டயர் கடையில் அடிப்பது 30, 40 பி.எஸ்.ஐ. மட்டுமே. நைட்ரஜன் அதேதான், ஆனால் அழுத்தம் போதாது. உயர் அழுத்த உருளையும் ரெகுலேட்டரும் வைத்து இந்த வேலையை மட்டும் செய்பவரிடம் கொடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் உருளை நிற்கும். "எந்தக் காஸாக இருந்தால் என்ன" என்று யாராவது அதை ஷாக்கில் அடித்துவிட்டால் உயிர் போகும். அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் தீப்பொறிகூட இல்லாமலே வெடிக்கும்.

மூடியை வெல்டிங் வைத்து மூடினால் ஒழுகவே ஒழுகாது என்கிறார்களே?

ஒழுகுவது மூடியின் ஓரத்தில் இல்லை, ராடைச் சுற்றி. வெல்டிங் சூட்டில் சீல் கருகும், குழாய் கோணும். உள்ளே எண்ணெய் இருக்கும் மூடிய குழாயின் மேல் தீ வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. மூடிக்கு மரை வெட்டும் முறையை மேலே சொல்லியிருக்கிறேன், அதுவே வழி.

நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போகிறோம், பின்னால் இடிக்கிறது. கெட்டியான ஆயில் போட்டால் எடை தாங்குமா?

தாங்காது. முதல் கேள்வியில் சொன்னது இங்கேதான் பயன்படுகிறது: எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஆயில் வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். அடியில் உள்ள படி வளையத்தைத் திருப்பி இறுக்கலாம். அது ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, வண்டியின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, அமுங்க இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும். இரண்டு ஷாக்கிலும் ஒரே படி இருக்கட்டும். நால்வர் போவது அந்த வண்டி எந்த எடைக்குச் செய்யப்பட்டதோ அதைத் தாண்டுகிறது. இதை எந்த ஷாக் வேலையாலும் ஈடுகட்ட முடியாது, பிள்ளைகளின் பாதுகாப்பு கருதிச் சொல்கிறேன்.

தனியாக ஓட்டுபவர்கள் சரியான படியை அளந்தே கண்டுபிடிக்கலாம். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது பின் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு நீங்கள் உட்கார்ந்திருக்க, வேறொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரத்தில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இருந்தால் சரி.

எல்லாம் சரியாகச் செய்தேன். மூன்றே வாரத்தில் மறுபடி ஒழுகுகிறது. ஏன்?

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. தொழில் பழகிய காலத்தில் ஒருவரின் பழைய வண்டி ஷாக்கில் அந்தக் கடுகளவுத் துருப்புள்ளியைப் பார்த்தும், "சீல் புதியது, தாங்கும்" என்று போட்டுக் கொடுத்தேன். மாதம் முடிவதற்குள் அவர் திரும்பி வந்தார். பிரித்துப் பார்த்தபோது சீலின் உதட்டில் ஒரே ஓர் இடத்தில், கத்தியால் வகிர்ந்தது போல ஒரு கீற்று. ராடைத் திருப்பிப் பொருத்திப் பார்த்தால் புள்ளி மிகச் சரியாக அந்தக் கீற்றின் நேரே வந்து நின்றது. வேறு ராடு தேடிப் போட்டுக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

ராடு சுத்தமாக இருந்தும் ஒழுகினால், ராடு வழிகாட்டியைப் பாருங்கள். சீலுக்கு அடியில் ராடை நேராகப் பிடித்து நிறுத்தும் வளையம் அது. அது தேய்ந்தால் ராடு பக்கவாட்டில் ஆடி, சீலை ஒரு பக்கமாக நசுக்கும். முழுக்க இழுத்த ராடின் நுனியைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் கையிலேயே தெரியும். டர்னரிடம் கொடுத்து வெண்கலத்தில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். அதுவும் சரி என்றால், சீல் தலைகீழாகப் போனதா, மரை முனையில் டேப் சுற்றினீர்களா, ஆயில் அதிகமா என்று மேலே உள்ள பதில்களின் வரிசையிலேயே சோதித்து வாருங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். புட்டியில் அடைத்து, கழிவு ஆயில் சேர்த்துக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

புதுப்பேட்டையில் பழைய ஷாக் கிடைக்கிறது. அதை வாங்கிச் சீரமைக்கலாமா?

தாராளமாக. நிறுத்தப்பட்ட மாடல்களுக்கு நல்ல ராடு கிடைக்கும் இடமே சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகள்தாம். மேல்கண்ணின் நடுவிலிருந்து கீழ்க்கண்ணின் நடு வரை உங்கள் ஷாக்கின் நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நீளம் 10 மில்லிமீட்டர் கூடினாலும் செயினின் போக்கும் வண்டியின் சாய்வும் மாறிவிடும். வெளியில் புதுப் பெயின்ட் அடித்திருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள், சந்தைக்கு வரும் முன் அடித்திருப்பார்கள். அடிக்குழாயில் சொட்டை இருந்தால் எடுக்காதீர்கள், உள்குழாயும் நசுங்கியிருக்கக்கூடும். ஜோடியாகக் கொடுப்பவை உண்மையிலேயே ஜோடிதானா என்று ஸ்பிரிங் கம்பியின் தடிமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தூசி ரப்பரை மேலே தள்ளிவிட்டு, ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே டார்ச் அடித்து ராடைச் சுற்றிலும் பாருங்கள். விரல் நுழையும் இடத்தில் எல்லாம் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.